மொழி எண்ணத்திற்குச் சிறையா?

"காலி டின்தானே, பக்கத்தில் பீடி பற்றவைத்தால் என்ன?" என்று கேட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் தீர்ந்த பீப்பாயில் திரவம் இராது, ஆவி இருக்கும். அது காற்றுடன் கலந்து நிற்கையில் ஒரு தீப்பொறி போதும். நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாயே அதிக ஆபத்தானது.

இந்த உதாரணத்தைக் கொண்டு ஒரு பெரிய கொள்கையை விளக்கியவர் அமெரிக்கரான பெஞ்சமின் லீ வொர்ஃப் (1897–1941). அவர் வேதிப் பொறியியல் கற்றவர். தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே மொழிகளை ஆராய்ந்தவர். 'காலி' என்ற சொல்தான் மக்களைக் கவனக்குறைவுக்கு உள்ளாக்கியது என்றார். அதற்கு மேலும் சென்று, உலகை நாம் பகுத்துக் காண்பதே நம் மொழி வகுத்த வழியில்தான் என்றும் கூறினார். அவர் கட்டுரைகள் 1956-இல் 'மொழி, எண்ணம், மெய்ம்மை' என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தன. சுவையான நூல்தான். ஆனால் அதன் முடிவு ஏற்கத்தக்கதா?

முதலில் பீப்பாயையே எடுத்துக்கொள்வோம். வொர்ஃப் பேசியதும் அதே ஆங்கிலம். அவரும் 'காலி' என்றே சொன்னார். ஆயினும் ஆபத்தை அவர் கண்டுகொண்டார். எப்படி? ஆவியின் இயல்பை அறிந்திருந்தார். எனவே மற்றவர்களிடம் குறைந்தது சொல் அன்று, அறிவே.

அடுத்து, அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்களின் மொழியில் நாம் 'காலம்' என்பதை நேரடியாகக் குறிக்கும் சொற்களோ இலக்கண வடிவங்களோ இல்லை என்றார். 1983-இல் எக்கேஹார்ட் மலோட்கி, 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலில் ஹோப்பி மொழியின் காலச் சொற்களைத் திரட்டிக் காட்டினார். எதிர்காலத்தைக் குறிக்கும் விகுதியும் அம்மொழியில் உண்டு. அடிவானத்தில் சூரியன் உதிக்கும் இடம் மாறுவதை நோக்கி விதைப்புக்கும் விழாவுக்கும் நாள் குறிப்பவர்கள் காலத்தை அறியாதவர்களா?

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொரு தடையும் உண்டு. நியூட்டனின் வெளியும் காலமும் ஐரோப்பியப் பண்பாட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் பெறப்பட்டவை என்பது வொர்ஃபின் கூற்று. ஆங்கிலம், ஜெர்மன் போன்றவற்றை அவர் ஒரே தொகுதியாகவே கொண்டார். அப்படியாயின், 1905-இல் ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் எழுதியே நியூட்டனின் காலத்தைத் தகர்த்தது எவ்வாறு? மொழி சிறையாயின், அச்சிறைக்குள் இருந்தே சுவர் இடிந்தது விந்தையல்லவா!

வொர்ஃப் கூறியது முழுவதும் பிழை என்று தள்ளிவிடவும் இயலாது. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழி பேசுவோர் இடம், வலம் என்று சொல்லாமல் கிழக்கு, மேற்கு என்றே பொருள்களின் இருப்பிடத்தைக் கூறுவர். அதனால் எங்கிருந்தாலும் திசையை நினைவில் வைத்திருப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிடுகிறது. தமிழரிடையே எரிக் பெடர்சன் நடத்திய ஆய்விலோ, சிற்றூர் மக்கள் திசையாலும் நகரத்தார் இடம் வலத்தாலும் இடத்தைக் குறிக்க முனைவது தெரிந்தது. மொழி ஒன்றே, வாழ்க்கைதான் வேறு. ஆக, மொழி நம் கவனத்தை ஒரு பக்கம் திருப்புகிறது. ஆனால் மறு பக்கத்தை அது அடைத்துவிடுவதில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? "தமிழில் படித்தவனுக்கு இயற்பியல் சிந்தனை வராது" என்று யாரேனும் உங்களிடம் கூறியிருப்பார்கள். அவர்கள் வொர்ஃபைப் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் அவர் கொள்கையையே பேசுகிறார்கள். என் வகுப்பில் நிறையையும் எடையையும் குழப்பிக்கொள்ளும் மாணவர் பலர். ஆங்கில வழி மாணவரும் அவ்வாறே குழம்புகின்றனர். கடைத் தராசு இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதுதான் காரணம், மொழி அன்று. நிலவில் ஒரு பொருளின் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும், நிறையோ மாறாது என்று விளக்கியதும் இரு வகுப்பாரின் குழப்பமும் நீங்குகிறது.

ஒரு கருத்துக்குச் சொல் இல்லையெனில் சொல்லை ஆக்கிக்கொள்ளலாம். 'வெப்பநிலை'யும் 'திசைவேக'மும் அவ்வாறு வந்தவையே. ஆகவே மாணவர்களே, புரியாத இடத்தில் மொழியை நோவதற்கு முன், கருத்து விளக்கப்பட்டதா என்று கேளுங்கள்.