பெயர் போடாத கறுப்பு வளையங்கள்

கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் 200-உடன் இணையத்தில் விற்கும் இந்த ஸ்கூபா டப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் விஷயம் உண்டு. அறைகள் ஒழுங்காகப் பிரிந்திருக்கின்றன. யோக் வால்வுக்கு 014, டின் வால்வுக்கு 112, சிலிண்டர் கழுத்துக்கு 214 என்று வேண்டிய அளவுகள் எல்லாம் இருக்கின்றன. பல வாரம் புழங்கியும் மூடி தளரவில்லை.

ஆனால் எந்த வளையம் என்ன ரப்பர் என்று எங்குமே போடவில்லை.

நைட்ரைலும் கறுப்பு, இபிடிஎம்மும் கறுப்பு. விட்டானைப் பழுப்பிலும் பச்சையிலும் விற்கிறார்கள், கறுப்பிலும் விற்கிறார்கள். குணமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. நைட்ரைலை எண்ணெய் ஒன்றும் செய்யாது, வெயிலும் ஓசோனும் பட்டால் வெடித்துவிடும். இபிடிஎம் அதற்கு நேர்மாறு: வெயிலைத் தாங்கும், வாசலின் தடவினால் ஊதிப்போகும். கேமரா உறையில் வரும் சிலிகான் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸே ஆகாது. பெயர் தெரியாத வளையத்துக்கு எந்த கிரீஸைத் தடவுவது?

அடுத்தது ரப்பரின் கடினத்தன்மை. நிரப்பிய சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். ஷோர் 70 கடினமுள்ள மெத்து வளையத்தை அந்த அழுத்தம் வால்வின் இடுக்கு வழியே பிதுக்கித் தள்ளிவிடும். படகில் வால்வைத் திறந்ததும் புஸ்ஸென்று சீறுவது பல நேரம் இதனால்தான். அந்த இடத்துக்கு 90 வேண்டும். டப்பாவில் அந்த எண்ணும் இல்லை. நகத்தால் அழுத்திப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ரப்பரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரு வளையத்தை எஞ்சின் ஆயிலில் போட்டு வைத்தால் இபிடிஎம் உப்பிவிடும், நைட்ரைல் அப்படியே இருக்கும். சோதித்த வளையத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஓ-ரிங் என்றாலே 1986 ஜனவரி 28-இல் வெடித்த சேலஞ்சர் விண்கலத்தை இழுக்காத கட்டுரை அபூர்வம். அங்கே வில்லன் குளிர். கடலூரில் குளிருக்கு எங்கே போவது? இங்கே கெடுப்பது அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டி நிறுத்திய காரும், உப்பும், மணலும்தான். பம்பு மோட்டார் ஓடும் அறையிலும் ஸ்கூபா ரெகுலேட்டரை மாட்டி வைக்கக்கூடாது. மோட்டார் பொறியில் பிறக்கும் ஓசோன் நைட்ரைலை அரிக்கும்.

சிதம்பரம் பக்கம் போனால் சங்கதி வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், எதிரி நைஸான சேறு. அங்கே கிரீஸை அள்ளிப் பூசுவது, சேற்றை அழைத்து உட்காரவைப்பதற்குச் சமம். வளையம் லேசாகப் பளபளத்தால் போதும். சிலிண்டர் வால்வு வளையத்துக்கு அதுவும் வேண்டாம். ஊக்கை விட்டு நெம்பி எடுக்கும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். வளையம் போனால் சில ரூபாய். அது உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் பாகத்தையே மாற்ற நேரும்.

ஆக்ஸிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் பக்கம் இந்த டப்பாவைக் கொண்டுபோகவே கூடாது. அதற்கு ஆக்ஸிஜனுக்கேற்ற ரப்பரும் அதற்கென்றே உள்ள கிரீஸும் வேண்டும்.

ஹைட்ராலிக் சீல் கடையில் கேட்டால் ரப்பர், ஷோர் எண், தயாரித்த காலாண்டு அச்சிட்ட உறைகளில் தனித்தனியாகக் கிடைக்கும். இந்த டப்பா வீட்டுக் குழாய் ஒழுகலுக்குப் பிரமாதம்.