எண்ணாகிப் போன பெண்மை

1966இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பெண்ணோயியல் மருத்துவர் ரொபேர்ட் வில்சன் எழுதிய, ‘என்றென்றும் பெண்மை’ எனப் பொருள்படும் ‘பெமினின் ஃபோரெவர்’ என்ற நூலை இன்று எவரும் மருத்துவ நூலாக வாசிப்பதில்லை. ஆயினும், சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ‘மெனோபோஸ் பரிசோதனை’ப் பெட்டிகள் மருந்துக்கடைகளில் விற்கப்படுவதைக் காணும்போது, அதனை மீண்டும் வாசிப்பது அவசியம் என்றே எனக்குப் படுகின்றது.

மாதவிடாய் நிற்பதை வாழ்வின் ஒரு கட்டமாக வில்சன் ஏற்கவில்லை. அது ஈஸ்ட்ரோஜன் குறைபாட்டு நோய். நீரிழிவுக்கு இன்சுலின் போல இதற்கு ஹோர்மோன் என்பது அவரது வாதம். நோய் என்றால் அதை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். யோனிச் சுவரிலிருந்து வழித்தெடுத்த கலங்களை மூன்று வகையாக எண்ணி, அந்த விகிதத்துக்கு அவர் இட்ட பெயர் ‘பெண்மைச் சுட்டி’. கலங்களின் கணக்கு, ஒருத்தி எவ்வளவு தூரம் பெண் என்பதற்கான தீர்ப்பாகின்றது! இந்தப் பெண்மை யாருக்கானது என்பதையும் நூல் மறைக்கவில்லை: இளமை குன்றாத, எரிந்து விழாத மனைவி கணவனுக்குக் கிடைப்பாள். நூலை எழுதுவதற்கான செலவை வையத் மருந்துக் கம்பனியே கொடுத்தது என வில்சனின் மகன் கூறியதை 2002இல் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்டது. கர்ப்பமுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் பிரெமரின் மாத்திரையை விற்றது அக்கம்பனிதான்.

இன்றைய பெட்டி அளப்பது எவ்.எஸ்.எச். எனும் ஹோர்மோனை. சூலகம் சோரும்போது அதனை உசுப்புவதற்காக, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இதனைக் கூடுதலாகச் சுரக்கின்றது. இதில் தவறில்லை. ஆனால் மாதவிடாய் முற்றாக நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் சூலகம் ஒரு மாதம் சோர்ந்து மறுமாதம் விழித்துக்கொள்ளும். இன்று கூடியிருக்கும் எண் அடுத்த கிழமை குறைந்திருக்கலாம். எனவேதான் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், 45 வயதைக் கடந்த பெண்ணின் நிலையை அறிய இப்பரிசோதனை வேண்டாம் என்றது. அவர் சொல்லும் அறிகுறிகளும் மாதவிடாயில் ஏற்பட்ட மாற்றமுமே போதும். 40 வயதுக்குக் குறைந்தவரின் விடயம் வேறு. சூலகம் முன்கூட்டியே செயலிழந்துவிட்டதா என்பதை, 4 முதல் 6 கிழமை இடைவெளியில் இருமுறை இரத்தம் சோதித்து அறியும்படி அதே வழிகாட்டல் கூறுகின்றது. எலும்பையும் இதயத்தையும் பாதிக்கக்கூடிய அந்நிலையில் சோதனையைத் தவிர்ப்பதுதான் பிழை.

எனது தோழி ஒருவருக்கு வயது 47. நள்ளிரவில் வியர்த்து நனைந்து எழும்புவார். நித்திரை இல்லை. வேலையிடத்தில் சொற்கள் மறந்துபோகும். ஒரேயொரு இரத்தப் பரிசோதனையின் பின் ‘எல்லாம் நோர்மல்’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதே தீர்ப்பு: “டொக்டரே ஒண்டுமில்லை எண்டிட்டார், பிறகென்ன?” வில்சனின் எண் சுகமாக இருப்பவளையும் நோயாளியாக்கியது, இந்த எண் வருந்துபவளை வாய்மூட வைத்தது. மறுபுறம், எண் கூடியிருக்கக் கண்டு இனிக் கருத்தரிக்காது என நம்பும் பெண்ணும் ஏமாறக்கூடும்.

எமது சொல் நம்பப்படாதபோது, தழும்புகளுக்கு மருத்துவ அறிக்கை எடுத்துக்கொண்டு அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போனவர்கள் நாங்கள். மனிதரின் வாக்குமூலத்தைவிடக் காகிதம் பெரிதாகும்போது என்ன நேரும் என்பதை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அத்தகைய நாம், வீட்டிலிருக்கும் பெண் தன் உடலைப் பற்றிச் சொல்வதை ஏன் காகிதம் வரும்வரை நம்ப மறுக்கிறோம்?

இன்னொன்றையும் கேட்க வேண்டியுள்ளது. மகள் பெரியபிள்ளையானால் மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்துச் சாமத்தியவீடு செய்து ஊருக்கே அறிவிக்கிறோம். அது நின்றுபோகும் காலத்தைப் பற்றியோ எங்கள் வீடுகளில் பேச்சே இல்லை. வைத்தியரிடம் மகனை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிச் செல்லும் தாய் எதைச் சொல்வாள்? யோனி வறட்சியையா? உறவின்போது ஏற்படும் நோவையா? “தலைசுத்து” என்பாள். அதையே மகன் மொழிபெயர்ப்பான். அதற்கு மேல் கேட்க வழியில்லாத வைத்தியர் இரத்தம் எடுக்க அனுப்புவார்.

ஹோர்மோன் சிகிச்சையை நான் எதிர்க்கவில்லை. நித்திரையையும் நிம்மதியையும் அது பலருக்கு மீட்டுக் கொடுத்திருக்கின்றது. நன்மை தீமைகளை அறிந்து எடுப்பதா விடுவதா என்பது அவரவர் தெரிவு. அந்தத் தெரிவுக்கு முதலில் வேண்டியது ஒரு கொப்பி: மாதவிடாய் வந்த திகதி, வியர்த்த இரவுகள், தூங்காத நாட்கள். அடுத்தது, கூட வரும் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர். இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. பெண்ணுடல், பெண்மொழி பற்றி நிறையவே எழுதியிருக்கும் நாம், நாற்பதைக் கடந்த எமது பெண்கள் வைத்தியரின் முன்னால் பேசுவதற்கான மொழியைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறோம்? எமது அடுத்த சந்திப்புகளில் இது பேசுபொருளாக வேண்டும். ஆண்களும் வந்து கேட்க வேண்டும்.