புரவியும் துப்பாக்கியும்: ‘றெட் டெட் றிடெம்ப்சன் 2’ பற்றிய ஒரு திறனாய்வு

ஆநிரை கவர்தலும் கவர்ந்ததை மீட்டலும் தமிழ்ப் புறப்பொருளின் தொடக்கமாக அமைந்தவை. தொல்காப்பியர் வெட்சித்திணையைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார். புறப்பொருள் வெண்பாமாலை தந்த ஐயனாரிதனார் மீட்டற் செயலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கினார். பரந்த மேய்ச்சல் நிலமும் காவல் தளர்ந்த எல்லையும் உள்ளவிடத்து இத்தகைய வாழ்க்கையும், அதனைப் பொருளாகக் கொண்ட கதைகளும் தோன்றுதல் இயல்பு. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு நிலப்பரப்பிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மந்தை ஓட்டிகளையும், மந்தை கவர்ந்தோரையும், அவரைத் தொடர்ந்த சட்டக் காவலரையும் பற்றி எழுந்த கதைகள் இவ்வகையின. கௌபோய்க் கதைகள் எனப் பொதுவாக வழங்கும் இவை நாவலாகவும் திரைப்படமாகவும் சித்திரக்கதையாகவும் உலகெங்கும் பரவிப் பின்னர்க் கணினி விளையாட்டாகவும் உருப்பெற்றன.

அவ்வுருவின் தொடக்கம் மிக எளியது. 1975 ஆம் ஆண்டு யப்பானின் தைற்றோ நிறுவனம் வெளியிட்ட ‘வெஸ்ரேண் கண்’ என்னும் விளையாட்டை ஆக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. திரையின் இரு பக்கத்தும் இரு வீரர், இடையே கள்ளிச்செடி, ஒருவனை ஒருவன் சுட்டு வீழ்த்துதலே வினை முழுவதும். அதே ஆண்டில் அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் அதனை ‘கண் பைற்’ என்னும் பெயரில், நுண்செயலி கொண்டு மீள அமைத்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின் அம்மரபிலே தோன்றிய பேராக்கம் ‘றெட் டெட் றிடெம்ப்சன் 2’.

றொக்ஸ்ரார் கேம்ஸ் நிறுவனம் 2018 ஒக்ரோபர் 26 இல் இதனை வெளியிட்டது. 2010 இல் வந்த முன்னைய விளையாட்டின் கதை 1911 இல் நிகழ்வது; இதன் கதை அதற்கும் பன்னிரண்டு ஆண்டு முற்பட்ட 1899 இல் தொடங்குவது. டட்ச் வான் டெர் லிண்டே என்பவன் தலைமையில் ஒரு கொள்ளைக் கூட்டம் சட்டத்துக்கு அஞ்சி இடம்விட்டு இடம்பெயர்கின்றது. நகரும் புகைவண்டியும் பெருகப் பெருக, அக்கூட்டத்தார் வாழ்தற்குரிய வெளி சுருங்குகின்றது. கூட்டத்தின் வலக்கை போன்ற ஆதர் மோர்கன் என்பவனே தலைமகன்; ஆடுவோன் பெரும்பகுதியும் அவனாக நின்றே வினை செய்கின்றான். இதுவரை ஆறு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாகியுள்ளன. ஆயினும், விற்பனைப் பெருக்கம் வேறு, கலைத்தகுதி வேறு.

அத்தகுதியை அளக்குங் கோல் யாது? காப்பியத்தைக் கற்போன் கண்ணாலும் செவியாலுங் கொள்கின்றான். விளையாட்டை ஆடுவோனோ கையாலுங் கொள்கின்றான். எனவே கதையின் சிறப்பை மட்டும் நோக்கி ஒரு விளையாட்டைப் போற்றுதல் பொருந்தாது. காட்சியின் அழகை மட்டும் நோக்கிப் போற்றுதலும் அத்தகையதே. கதை உணர்த்தும் பொருளும் ஆடுவோன் கை செய்யும் வினையும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதே வினாவாகும். அவ்வினாவுக்கு இவ்விளையாட்டு இருவேறு விடை தருகின்றது. புரவியின் பகுதியிலே இரண்டும் ஒன்றுபடுகின்றன. துப்பாக்கியின் பகுதியிலே பிரிந்து நிற்கின்றன.

முதற்கண் புரவியை நோக்குவோர்க்கு, ஈழத்துத் தீவகம் ஒரு தக்க ஒப்பீட்டைத் தருகின்றது. அமெரிக்க மேற்கிற் கட்டின்றித் திரியும் குதிரைகள், பதினாறாம் நூற்றாண்டு முதல் ஸ்பானியர் கப்பலிற் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள். நெடுந்தீவின் மட்டக்குதிரைகளும் அவ்வாறே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிக்காலங்களின் எச்சமாகக் கருதப்படுவன. ஆண்டோர் அகன்றபின் இரு நிலத்தும் குதிரைகள் எஞ்சின. வரட்சி மாதங்களில் நெடுந்தீவின் புல்வெளியில் நீர் தேடி அலையும் குதிரையைக் கண்டோர், அவ்வுயிர் வெறும் ஊர்தியன்று என்பதை அறிவர். பசியும் தாகமும் அச்சமும் உடையது அது. ஏறுவோனுக்காக மட்டும் பிறந்ததன்று.

பெரும்பாலான கணினி விளையாட்டுகள் இவ்வுண்மையைப் புறக்கணிப்பன. அவற்றிற் குதிரை விரைவு தருவதொரு பொறியே; அழைத்தவுடன் தோன்றும், இறப்பின் மீண்டும் எழும். ‘றெட் டெட் றிடெம்ப்சன் 2’ இற் குதிரைக்குத் தீனி ஊட்டல் வேண்டும். மேனியிற் படிந்த சேற்றைத் தேய்த்து நீக்கல் வேண்டும். இடைவிடாது விரட்டினால் இளைக்கும். பாம்பையோ ஓநாயையோ கண்டால் வெருளும். அப்போது தட்டிக்கொடுத்து அமைதிப்படுத்தல் வேண்டும். சீழ்க்கையொலி கேட்குந் தொலைவில் நின்றாலன்றி வாராது. பிணைப்பு நான்கு படிகளில் வளர்வது. படி உயருந்தோறும் குதிரை சொற்கேட்டு நடக்கும். நீள்துப்பாக்கிகள் சேணத்திலேயே தங்குதலால், குதிரையைப் பிரிந்தவன் படைக்கலத்தையும் பிரிந்தவனாகின்றான். குதிரை உரிய காலத்தில் மருந்து பெறாது மடியின் மீளாது. புதுக்குதிரையோடு முதற்படியிலிருந்தே உறவு தொடங்கும். இவை யாவும் கதைமாந்தர் வாயாற் சொல்லப்படுவன அல்ல. ஆடுவோன் கை பல மணிநேரம் பயின்று கற்பன.

இப்பயிற்சிக்கு உயிராவது மெதுவான நடை. ஆதர் விரைந்து இயங்கான். வேட்டை விலங்கின் தோலை உரித்தற்கும், உடலைத் தூக்கிச் சேணத்தின் பின் இடுதற்கும், அலுமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறத்தற்கும் உரிய நேரம் கழிந்தே தீரும். இதனைக் குற்றமெனக் கூறுவோர் பலர். முற்றாகக் குற்றமாகாது; வழியின் நீளத்தை உணராதவனுக்கு அவ்வழியின் முடிவிற் காணுங் குடிலின் விளக்கொளி யாதொரு பொருளும் தராது. ஆனால், மெதுமை வேறு, தடுமாற்றம் வேறு. வெறுங்கையனாய் நிற்குங்கால் எதிர்ப்பட்டவனை நோக்கி வணக்கங் கூற உதவும் பொத்தானே, கையிற் படைக்கலம் இருக்குங்கால் அவன்மேற் குறிவைக்கின்றது. வழிப்போக்கனோடு அளவளாவ எண்ணியவன் அறியாது அவனை வெருட்டிக் காவலரால் துரத்தப்படுதல் அரிதன்று. இது கலையமைதியால் நேர்ந்ததன்று. கட்டுப்பாட்டமைப்பின் குறையால் நேர்ந்தது.

இனித் துப்பாக்கியின் பகுதியை ஆராய்தல் தகும். போரிடும் முறை பார்வைக்குச் செவ்விது. ‘டெட் ஐ’ எனப்படும் ஆற்றலால் காலம் தளர்ந்தோட, பகைவர்மேற் குறிகளை இட்டு ஒருங்கே சுடலாம். முன்னைய விளையாட்டிலும் இருந்த இம்முறை இன்பந் தருவதே. எனினும் இடருணர்ச்சியைப் பெரிதுங் குறைக்கின்றது. ஒரு மாலைப் பொழுதில் எண்ணிலடங்காப் பகைவர் வீழ்கின்றனர். வீழ்ந்தோர்க்குப் பெயருமில்லை, அழுவாருமில்லை. தன் குதிரை மாண்டால் ஆடுவோன் வருந்துகின்றான். நூறு மாந்தர் மாண்டால் அவர் சட்டைப்பையைத் துழாவுகின்றான். 1983 முதல் 2009 வரை போரை நேரிற் கண்ட மண்ணிலே இருந்து ஆடுவோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் கடந்துசெல்லத் தக்கதன்று. துப்பாக்கி இங்குக் கற்பனைப் பொருள் அன்று. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பெயரும் ஒரு வீடும் இருந்தன. கொலையின் சுமையைப் பேசுங் கதை கொலைத்தொழிலை இத்துணை இலேசாக்குதல் அதன் பெருங்குறை.

மற்றொரு குறை, கதைப்பணிகளின் கட்டு. வெளியிலே ஆடுவோன் விரும்பியவாறு திரியலாம். பணியொன்றைத் தொடங்கியதும் ஆசிரியர் வகுத்த தடத்திலேயே அடிவைத்தல் வேண்டும். வேறு வழியாற் சூழ்ந்து தாக்க முயன்றாலும், துணைவனைச் சற்றே பிரிந்து சென்றாலும், பணி தோல்வியுற்றதென அறிவிக்கப்படும். உரிமை வேட்கையே உயிராகிய ஒரு கூட்டத்தின் கதையில், ஆடுவோன் உரிமை இழந்து நிற்கின்றான்.

எனினும், இக்கட்டு ஓரிடத்திற் பெரும்பயன் விளைக்கின்றது. கூட்டத்திற் கடன் கொடுத்து வாங்குபவனாகிய ஸ்ரோஸ் ஏவ, ஆதர் நோயாளனான தோமஸ் டௌண்ஸ் என்பவனை அடித்துப் பணங் கேட்கின்றான். ஆடுவோன் இதனைத் தவிர்க்க இயலாது. அடிபட்டவனின் இருமலால் ஆதருக்குக் காசநோய் தொற்றுகின்றது. நெடுநேரத்தின் பின்னரே அது வெளிப்படுகின்றது. செய்த வினை செய்தவனைத் தேடி வருமென்னும் உண்மை இங்குக் கூற்றாக அன்றி நிகழ்ச்சியாகவே விளங்குகின்றது. இதனோடு ஒப்பிட, நன்மதிப்பை அளக்குங் கோடு மிக எளியதாய்த் தோன்றும். வழியிற் கண்டோர்க்கு வணக்கங் கூறியும், பிடித்த மீனை நீரில் விட்டும் அக்கோட்டை உயர்த்தலாம். கொள்ளையின் கணக்கை வணக்கத்தாற் கழித்தல் வணிகம், கழுவாய் அன்று.

கழுவாயின் மெய்யுருவம் கதையின் இறுதிச் செலவிலே புலப்படுகின்றது. பகைவர் தொடர, ஆதர் ஊர்ந்த குதிரை குண்டுபட்டு வீழ்கின்றது. ஓடித் தப்பவேண்டிய வேளையிலே அவன் மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவி நன்றி கூறுகின்றான். புறநானூற்றிற் குதிரைமறம் என்னுந் துறையில் அமைந்த 273 ஆம் பாடல் இவ்விடத்து நினைத்தற்குரியது. பிறர் குதிரைகள் மீண்டுவரவும், தன் தலைவனைச் சுமந்து சென்ற குதிரை வாராமை கண்டு கலங்கும் மனையாளின் கூற்றாக எருமை வெளியனார் அதனைப் பாடினார். அங்கே குதிரை வாராமையே வீரனின் முடிவை உணர்த்துகின்றது. இங்கே குதிரையின் சாவு, அடுத்து வரும் ஆதரின் சாவை முன்னுணர்த்துகின்றது. இக்காட்சி உள்ளத்தை உருக்குவது உரையாடற் சிறப்பால் அன்று. அக்குதிரைக்குத் தீனி கொடுத்ததும் சேறு துடைத்ததும் ஆடுவோன் கை. ஆகலின் இழப்பும் அவனுடையதே.

ஆகவே, ‘றெட் டெட் றிடெம்ப்சன் 2’ நன்றாக ஆடத்தக்கதா என வினவுவோர்க்குரிய விடை இது: சுடுமிடத்து நடுத்தரமானது, ஏறிச்செல்லுமிடத்து ஒப்பற்றது. 1975 இல் இருவர் நின்று சுட்ட வெறுந்திரையினின்றும் இவ்வகை விளையாட்டு அடைந்த வளர்ச்சி துப்பாக்கிகளின் பெருக்கத்தில் இல்லை. ஓருயிரைப் பேணும் பொறுப்பை ஆடுவோனிடம் ஒப்படைத்தமையிலேயே உண்டு. துப்பாக்கி விளையாட்டென இதனை ஒதுக்கும் ஆசிரியர் இப்பகுதியைக் காணத் தவறுவர். துப்பாக்கிக்காக மட்டும் இதனை ஆடும் மாணவரும் அதனையே காணத் தவறுவர். புரவிக்கு அளித்த மதிப்பை மனிதனுக்கும் அளிக்கும் விளையாட்டு இனித்தான் ஆக்கப்படல் வேண்டும்.