பதினோரு மாத மருத்துவர்

நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு வேண்டிய மருத்துவர்களை மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களே நேரடியாகப் பணியமர்த்தும் முறை, தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையின் சாதனைகளுள் ஒன்றாக இப்போது எடுத்துரைக்கப்படுகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே சென்றால் காலியிடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும், சங்கமோ விளம்பரம் வெளியிட்டு, நேர்முகத் தேர்வு நடத்தி, சில வாரங்களில் ஆளை அமர்த்திவிடும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. 2012-இல் தொடங்கப்பட்ட அவ்வாரியம் 2024-இல் அறிவித்த உதவி மருத்துவர் தேர்வு 2025 ஜனவரியில்தான் நடந்தது. 2023 ஜூன் 6 அன்று 500 நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டதும் வாரியத்தை மட்டும் நம்பியிருந்தால் இயன்றிராது. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி அம்மையங்கள் வகுக்கப்பட்டதால், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் காலையில் கரைதிரும்பும் மீனவரும் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணும் பெரிய மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழக்காமல் மருத்துவரைப் பார்க்க வழி பிறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் விரைவை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் இந்த வாதம், அமர்த்துவது யார், எந்தச் சட்டத்தின் பெயரால், எத்தனை காலத்துக்கு என்ற கேள்விகளைத் தொடுவதே இல்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் என்பது, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதியைச் செலவிடுவதற்காகச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் அமைப்பு. சென்னையில் அந்தப் பொறுப்பு மாநகராட்சி சார்ந்த நகர நலவாழ்வுச் சங்கத்திடம் உள்ளது. ஆட்சியரும் ஆணையரும் தலைமையேற்றாலும், அது அமர்த்தும் மருத்துவர் அரசு ஊழியர் ஆவதில்லை. விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று அரசமைப்பின் 311-ஆம் கூறு அரசு ஊழியருக்குத் தரும் காப்பு அவருக்கு இல்லை. சங்கங்களின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் படிப்பவர் இதைக் கண்ணாரக் காணலாம்: பணி முற்றிலும் தற்காலிகமானது, ஒப்பந்தம் பதினோரு மாதங்களுக்கு, மாதம் 60,000 ரூபாய் தொகுப்பூதியம், பணிநிரந்தரம் கோரமாட்டேன் என்ற உறுதிமொழிக் கடிதம் கட்டாயம். தொகுப்பூதியம் என்பது படிகளோ ஆண்டு ஊதிய உயர்வோ இல்லாத ஒற்றைத் தொகை. நிரந்தர உதவி மருத்துவருக்கு 56,100 ரூபாயில் தொடங்கும் அடிப்படை ஊதியத்தின்மேல் அகவிலைப்படி முதலியன சேர்வதால், ஒரே பட்டம் பெற்று ஒரே வேலையைச் செய்யும் இருவரிடையே இடைவெளி ஆண்டுதோறும் விரிகிறது. பன்னிரண்டாகாமல் பதினொன்றில் நிறுத்தப்படும் மாதக் கணக்கு, தொடர்பணி என்ற உரிமை எக்காலத்தும் முளைக்கக்கூடாது என்பதற்காகவே போடப்படுகிறது. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வின்றி அமர்த்தப்பட்டவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது; கொல்லைப்புற நியமனத்தைத் தடுக்க எழுந்த அத்தீர்ப்பு, முறையான நியமனத்தையே தவிர்க்கும் நிர்வாகத்துக்குக் கேடயமாகிவிட்டது.

இதனால் நேரும் இழப்பை மருத்துவரின் ஊதியக் குறையாக மட்டும் பார்ப்பது போதாது, ஏனெனில் அந்த இழப்பின் பெரும்பங்கைச் சுமப்பவர் நோயாளியே. நலவாழ்வு மையத்துக்கு வருவோரில் பலருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. இவை ஒரு ஊசியால் தீர்பவை அல்ல, ஆண்டுக்கணக்கில் ஒருவரே கவனித்து, மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வரவேண்டியவை. ஓ.பி. சீட்டில் சர்க்கரை அளவும் மாத்திரையின் பெயரும் இருக்கும். அந்த நோயாளி கடலுக்குப் போகும் நாட்களில் நேரத்துக்கு உண்பதில்லை என்பதோ, மாத்திரையை வீட்டிலிருக்கும் இன்னொருவருடன் பகிர்ந்துகொள்கிறார் என்பதோ அதில் இருக்காது, அவரைப் பழகி அறிந்த மருத்துவரின் நினைவில்தான் இருக்கும். முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கும் இளம் பட்டதாரி இந்தப் பணியை இடைத்தங்கலாகக் கொண்டு விலகிச் செல்லும்போது அந்த நினைவும் அவருடன் போய்விடுகிறது, அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். விலகிச் செல்பவரைக் குறை கூறுவது அறமாகாது. பதினோரு மாதத்துக்கு மேல் வாக்களிக்க மறுக்கும் நிறுவனம் பதினோரு மாதத்துக்கு மேற்பட்ட ஈடுபாட்டை எதிர்பார்க்க முடியாது.

இம்முறையின் கடைசி எல்லை எதுவென்று 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட அம்மா மினி கிளினிக்குகள் காட்டிவிட்டன. 2,000 கிளினிக்குகளுக்கென 1,820 மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார்கள். ஆட்சி மாறியபின் திட்டம் கைவிடப்பட்டது, மருத்துவர்களின் பணியும் 2022 மார்ச்சோடு முடிந்தது. அத்திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒரு பகுதியின் மருத்துவரைத் தேர்தல் முடிவு அகற்றிவிட முடிந்தது, அதைக் கேள்வி கேட்க எந்தச் சட்டமும் துணைக்கு வரவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. மருத்துவர் அல்லாத நிறுவனங்கள் மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்தக்கூடாது என்ற பழைய தடை அங்கு உண்டு. சிற்றூர் மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்காத நெருக்கடியில் 2011-இல் அத்தடை தளர்த்தப்பட்டபோது, அமர்த்தப்படும் மருத்துவரின் தனித்த மருத்துவ முடிவில் நிர்வாகம் தலையிடாதிருக்கும் ஏற்பாடுகளை மருத்துவமனை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் எழுதப்பட்டது. நேரடி நியமனம் மருத்துவரை முதலாளிக்குக் கட்டுப்பட்டவராக்கும் என்ற அச்சம் அங்கு சட்டமன்றத்தில் பேசப்பட்டது. இங்கோ மருந்து இருப்பில் இல்லை என்று வாய்திறக்கும் மருத்துவர் ஒப்பந்தப் புதுப்பிப்பை எண்ணி அஞ்ச வேண்டிய நிலையை எவரும் பொருட்படுத்துவதில்லை.

இத்தனைக்கும், இந்தியாவிலேயே முன்னோடியாகப் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. 1939-ஆம் ஆண்டின் அச்சட்டம் உள்ளாட்சிகளில் சுகாதார அலுவலர் பதவிக்கு அடித்தளம் அமைத்தது. அதே சட்டத்தில் மையங்களின் மருத்துவர் பதவியையும் சேர்த்து, நியமனத்தை மாநகராட்சியிடமே விட்டு, தேர்வு முறையையும் ஊதிய விகிதத்தையும் நீக்கத்துக்கான விசாரணையையும் வரையறுத்தால் விரைவும் கெடாது, மருத்துவரும் நிலைப்பார். தேர்வு வாரியம் தாமதிக்கிறது என்றால் வாரியத்தைச் சீர்செய்ய வேண்டும். அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி ஒரு நகரத்தின் அடிப்படை மருத்துவத்தையே பதினோரு மாதத் துண்டுகளாக நறுக்குவதற்கு நியாயம் ஏதுமில்லை.