சென்னை வங்கி மாளிகை: ஒரு மதிப்பீடு

கட்டடம் ஒன்றை மதிப்பிடுவோர் அதன் அழகை மட்டும் நோக்குதல் போதாது. எப்பணியின்பொருட்டு அஃது எழுந்ததோ, அப்பணிக்கு அவ்வழகு துணைசெய்கின்றதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். மக்களின் சேமிப்பைக் காக்கும் வங்கிக் கட்டடங்களுக்கு இவ்வளவுகோல் பெரிதும் பொருந்தும். பணத்தை ஒப்படைக்க வருபவன் முதலிற் காண்பது கணக்கேட்டையன்று, கட்டடத்தையே.

சென்னைக் கடற்கரையை அடுத்த இராஜாஜி சாலையிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். 1843இல் நிறுவப்பட்ட சென்னை வங்கிக்கென 1897இல் இஃது எழுந்தது. இதன் வடிவமைப்பிற் சாமுவேல் ஜேக்கப், ஹென்றி இர்வின் என்னும் இருவர் பங்குகொண்டனர். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். அவ்வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியோடு இணைந்து, 1955இல் ஸ்டேட் வங்கியாயிற்று.

செந்நிறச் சுவர்களும் வளைவுகளும் குவிமாடங்களும் காண்போர் உள்ளத்தில் உறுதியுணர்வை விளைவிக்கின்றன. எனினும் இவ்வடிவங்கள் பெரும்பாலும் வடநாட்டு அரண்மனைகளினின்றும் கடனாகப் பெற்றவை. தூணும் உத்தரமும் கொண்டு மண்டபம் அமைத்த தமிழ்நாட்டுச் சிற்ப மரபு இங்கு முதன்மை பெறவில்லை. இஃது இம்மாளிகையின் குறையே.

ஆயினும் கடனிலும் வேறுபாடு உண்டு. திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையின் வாயிலிற் கயலுருவம் பொறித்த கற்கள் காணப்படுகின்றன. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கீசர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அங்கே எடுக்கப்பட்டது பொருள்; சென்னையில் எடுக்கப்பட்டது வடிவம். வடிவத்தைக் கொடுத்தவன் எதனையும் இழப்பதில்லை.

இனி, மாளிகையின் மாட்சி நம்பிக்கைக்குப் பிணையாகுமா என்பதே எஞ்சிய வினா. அதே சென்னையில் 1906இல் அர்புத்நாட் நிறுவனம் வீழ்ந்தபோது, அதனை நம்பிப் பணமிட்டோர் பலர் பொருளிழந்தனர். அவ்வீழ்ச்சியின் விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. இலங்கையிலோ 1885இல் தொடங்கிய தபாற் சேமிப்பு வங்கிக்குக் குவிமாடம் வேண்டியிருக்கவில்லை. ஊர்த் தபாற் கந்தோரே அதன் மாளிகையாயிற்று. 1832இல் நிறுவப்பட்ட இலங்கைச் சேமிப்பு வங்கியோடு 1972இல் அதுவும் தேசிய சேமிப்பு வங்கியுள் அடங்கிற்று.

2014இல் தீயாற் சேதமுற்ற சென்னை மாளிகை, கலைச்செல்வமாகப் பேணத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அழகு நம்பிக்கையை வாயில்வரை அழைத்து வரும்; உள்ளே அதனைக் காத்து நிற்பது கணக்கின் நேர்மையேயாம்.