அரியலூர்ப் பாலமும் ஒரு ராஜிநாமாவும்

பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலைச் சாரலில் பிறந்து, கோடையில் மணலை மட்டுமே காட்டி, கார்த்திகை மழையில் கரைபுரண்டு கொள்ளிடத்தைச் சேரும் மருதையாறு, 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையிலிருந்த ரயில்வே பாலத்தை அரித்துவிட, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் வீழ்ந்து சுமார் 150 பேர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். தார்மீகப் பொறுப்பு என்ற சொற்றொடருக்கு நம் நாட்டில் உதாரணம் தேடுவோர் இன்றும் முதலில் எடுப்பது இதைத்தான்.

அச்செயலின் அருமையை உணரக் காலத்தையும் கருத வேண்டும். குடியரசுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. ராஜ்யங்கள் மொழிவாரியாக வகுக்கப்பட்டு மூன்று வாரமே ஆகியிருந்தது. வடக்கு, தெற்கு என்ற பேதம் மேடைதோறும் பேசப்பட்டது. பெரம்பலூர்ப் பாராளுமன்றத் தொகுதியோ முதல் பொதுத்தேர்தலிலேயே காங்கிரஸைக் கைவிட்டு உழைப்பாளர் கட்சியைத் தேர்ந்திருந்தது. அத்தகைய வேளையில், காசிப் பக்கத்து மனிதர் ஒருவர், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் அருகே நேர்ந்த சாவுகளுக்குத் தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஏற்றது, ஒற்றுமை குறித்த பல பிரசங்கங்களால் ஆகாத காரியத்தைச் செய்தது என்பேன். சாஸ்திரிமீது குற்றமில்லை, எனினும் அரசியலமைப்பு நெறிக்கு இது முன்மாதிரியாகட்டும் என்று சொல்லியே நேரு அதை ஏற்றார்.

ஆனால் துறவு எல்லோரையும் சாந்தப்படுத்தவில்லை. துணை மந்திரி ஓ. வி. அழகேசனின் பெயரை அரியலூரோடு மோனையில் பூட்டிய தி.மு.க. கோஷம் 1957 தேர்தலில் ஊரெங்கும் ஒலித்தது. (மோனை எளிதில் அகப்பட்டது அவருடைய துரதிருஷ்டம்.) 1962-இல் பெரம்பலூர் தி.மு.க.வின் இரா. செழியனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதற்கு விபத்தே காரணம் என்று நான் சொல்லத் துணியேன்.

பொறுப்பேற்றுப் பதவி விலகும் வழக்கத்தின் குறைகளும் அந்த ராஜிநாமாவிலேயே தெரிகின்றன. 1957 ஏப்ரலில் சாஸ்திரி போக்குவரத்து மந்திரியாக மீண்டார். 1999 கைசால் ரயில் விபத்துக்குப் பிறகு விலகிய நிதீஷ் குமார் 2001-இல் அதே ரயில்வே இலாகாவுக்கே திரும்பினார். மீளக்கூடாதென்பதில்லை, ஆனால் விலகியவரின் பெருமையைப் பேசுவதில் காட்டும் உற்சாகத்தில் பாதியைக்கூட, அப்பாலத்தைக் கண்காணிக்க வேண்டியவர் யார், கண்காணித்தாரா என்ற விசாரணையில் நாம் காட்டுவதில்லை.

அரியலூர் முதல் எச்சரிக்கையுமன்று. அதே ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் சாஸ்திரி ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். நேரு அதை ஏற்க மறுத்தார். கொடுத்தவர், மறுத்தவர் இருவர் பண்பும் மெச்சத்தக்கதே. ஆனால் அக்கடிதத்தால் எந்தப் பாலமும் உறுதிப்பட்டுவிடவில்லை. மகபூப்நகருக்கும் அரியலூருக்கும் இடையே இருந்தவை 82 நாட்கள்.