கட்டியக்காரன் கேட்கும் கேள்வி

தெருக்கூத்துக் களரியில் துரியோதனன் எடுத்த எடுப்பில் முகம் காட்டுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். சலங்கை கேட்கும், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம் மேலே மின்னும். திரை விலகி அவன் கிறுகிறுவென்று சுழல்கையில் மனிதப்பிறவி என்றே தோன்றாது. அந்த நேரம் பார்த்துக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பக்கத்தில் வந்து, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று விசாரிப்பான். எப்பேர்ப்பட்ட ராஜாவும் ஊர்முன் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-இல் தொடங்கிய ‘வாட்ச்மென்’ சித்திரக்கதையில், முகமூடி வீரர்களை நம்பாத ஜனங்கள் வீதியில் இறங்குகிறார்கள், சுவரெல்லாம் சந்தேகம். படித்தபோது எனக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துக் களரிகள்தான் கண்முன் வந்தன. இங்கே அந்தச் சந்தேகத்துக்குக் கட்டியக்காரன் என்று ஒரு வேஷமே உண்டு. விடியும்வரை அது ராஜாவை விட்டு நகராது.

‘கர்ண மோட்சம்’ கூத்து இன்னும் ஆழமாகக் குத்தும். போருக்குப் புறப்படும் கர்ணனைத் தடுத்து நிற்பவள் பொன்னுருவி. பிறப்புத் தெரியாதவன் என்று புருஷனை ஏற்காமல் வாழ்ந்தவள். கவச குண்டலத்தோடு பிறந்தவனுக்குத் தன் வீட்டுக்குள் மதிப்பில்லை. இருவரும் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை, நல்ல பெண்வேஷக்காரர் குரலை மட்டும் தாழ்த்தியே காட்டிவிடுவார். அதற்காகவே எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருக்கலாம்.

செய்யாறு பக்கத்துப் புரிசையில் இந்தக் கலையைக் காத்தவர் கண்ணப்பத் தம்பிரான். அவர் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்த ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறகு புரிசைக் குழு, மார்க்கேஸ் எழுதிய சிறகு முளைத்த கிழவனின் கதையைக் கூத்தாக்கியது. வந்து விழுந்தவன் தேவதூதன்தானா என்று ஊரே சோதிக்கும் கதை அது. கோழிக்கூண்டில் அடைத்துக் காசு வாங்கிக் காட்டுவார்கள். கூத்துக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

பாரதக் கூத்தில் துரியோதனன் வீழும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். அவன் தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அத்தோடு முடிவதில்லை. விழுந்தவனுக்காக ஒப்பாரி எழும். வெயில் ஏறும் நேரத்தில், அவன் உடம்பிலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.